பொன்வண்டு குறைந்ததா, நாம் தேடுவது குறைந்ததா?

மழை விட்டதும் வேலமரத்தில் பொன்வண்டு பிடித்து, தழையோடு தீப்பெட்டியில் அடைத்து, முட்டையிட்டுவிட்டதா என்று வகுப்பில் மேசைக்கடியில் திறந்து திறந்து பார்த்த தலைமுறை எங்களுடையது. 'இப்போதெல்லாம் பொன்வண்டையே காணோம்' என்று நண்பர்கள் சொல்லும்போது நானும் தலையாட்டியிருக்கிறேன். ஆனால், வேலமரத்தடிக்குப் போய் முப்பது ஆண்டுகளான எங்கள் ஏக்கத்தைச் சான்றாகக் கொள்ள முடியாது.

சான்று எப்படியிருக்கும் என்பதற்கு, அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள ஹப்பர்ட் புரூக் காட்டைச் சொல்லலாம். அங்கே 1973 முதல் 1977 வரை, பறந்து வந்து மோதும் வண்டுகள் கீழே விழுந்து சேரும்படியான பொறிகளை வைத்து எண்ணிக் குறித்திருந்தார்கள். ஜெனிஃபர் ஹாரிஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2015 முதல் 2017 வரை அதே காட்டில் அதே வகைப் பொறிகளை வைத்துப் பார்த்தபோது, சிக்கிய வண்டுகள் 83 விழுக்காடு குறைந்திருந்தன. முன்பு கிடைத்த சில வண்டுக் குடும்பங்களில் ஒன்றுகூட அகப்படவில்லை.

என்னைத் திடுக்கிட வைத்தது அந்த எண்ணைவிட அந்த இடம்தான். அது வயலோரமன்று, பூச்சிமருந்து தெளிக்கப்படாத, இடைப்பட்ட காலத்தில் மரம் வெட்டப்படாத காடு. ஆய்வாளர்கள் காரணமாகச் சுட்டுவது வெப்பமாதலை, குறிப்பாகப் பனி குறைவதை. இலைச்சருகுக்குள் குளிர்காலத்தைக் கழிக்கும் வண்டுகளுக்கு மேலே படியும் பனிதான் கம்பளி. அது மெலிந்தால், குளிர்காலம் முன்பைவிட இதமாக இருந்தாலும், சருகுக்கடியில் மண் உறைந்துபோகும். வேலி போட்டுக் காட்டைக் காத்தால் பூச்சியும் தானே பிழைத்துக்கொள்ளும் என்ற நம் நம்பிக்கை இங்கே உடைகிறது.

இந்த ஆய்வு இரண்டு காலங்களை ஒப்பிடுகிறதே தவிர, இடைப்பட்ட நாற்பதாண்டு ஏற்ற இறக்கங்களைக் காட்டுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 'உலகில் பூச்சிகளே அழிகின்றன' என்று இதை வைத்து முழங்குவதும் சரியன்று. பிரிட்டனில் 11 இடங்களில் 15 ஆண்டுகள் இடைவிடாமல் தரைவண்டுகளை எண்ணியபோது, ஆராய்ந்த இனங்களில் முக்கால்வாசி குறைந்திருந்தன. ஆனால் சரிவு மலைப்பகுதிகளில் கடுமையாக இருக்க, சுண்ணாம்புப் புல்வெளிகளில் எண்ணிக்கை கூடியிருந்தது. எங்கே, எது, எவ்வளவு என்று பிரித்தறிய ஆண்டுதோறும் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

புலிகளை நாம் நான்காண்டுக்கு ஒருமுறை நாடு முழுவதும் கணக்கெடுக்கிறோம், எடுக்கத்தான் வேண்டும். வண்டுக்கு அத்தனை செலவு தேவையில்லை. நான் படித்த கல்லூரியில் ஆண்டுதோறும் விலங்கியல் மாணவர்கள் பூச்சிப்பெட்டி செய்து கொடுப்பார்கள். பளபளக்கும் வண்டுகளைக் குண்டூசியில் குத்தி வரிசையாக அடுக்கியிருப்பார்கள். பிடித்த இடமும் தேதியும் பெரும்பாலும் இருக்காது. மதிப்பெண் போட்டதும் பெட்டிகள் மாடிப்படிக்கடியில் கிடந்து கரையானுக்குப் போயின. அந்தப் பெட்டிகளுக்குப் பதிலாக, வளாகத்தின் ஒரே மூலையில், ஆண்டுதோறும் அதே வாரத்தில், ஒரு விளக்குப் பொறியை வைத்து, விழுந்தவற்றை எண்ணி ஒரு நோட்டில் எழுதியிருந்தால், பொன்வண்டைப் பற்றி இல்லாவிட்டாலும், விளக்குக்கு வரும் வண்டுகளைப் பற்றியாவது இன்று என்னால் உறுதியாக எதையேனும் சொல்ல முடிந்திருக்கும்.