இரண்டு ரூபாய் நாணயம்

நேற்று சாயங்காலம் சூப்பர் மார்க்கெட்டில் பில் 182 ரூபாய். 200 ரூபாய் நோட்டோடு 2 ரூபாய் நாணயத்தையும் நீட்டினேன், முழுசாக ஒரு 20 ரூபாய் நோட்டு கிடைக்குமே என்று. பில் போடும் தம்பி நாணயத்தைத் திருப்பித் தந்துவிட்டார். "200னு அடிச்சிட்டேன் சார், பாக்கி 18தான் காட்டுது." அந்தப் 18க்கும் சில்லறை இல்லையாம். கையில் 15 ரூபாயும் மூன்று சாக்லேட்டும். எனக்குச் சர்க்கரை வேறு!

போன வாரம் கரண்ட் போனபோது இன்னும் மோசம். இரண்டு சோப்பு, ஒரு பிஸ்கட் பாக்கெட். விலை உறையிலேயே அச்சடித்திருக்கிறது. "சிஸ்டம் வரட்டும் சார்" என்று பத்து நிமிடம் நிற்க வைத்தார்கள்.

எங்கள் பழைய தெரு அண்ணாச்சி காதில் செருகிய பென்சிலை எடுத்து, பொட்டலக் காகிதத்தின் ஓரத்தில் இருபது சாமானை மளமளவென்று கூட்டிவிடுவார். அவருக்கும் முந்தைய தலைமுறை திண்ணைப் பள்ளியில் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டுப் புத்தகத்தை ஒப்பித்தது. மாகாணி என்றால் 1/16, முந்திரி என்றால் 1/320. பின்னத்தையே மனப்பாடமாக வைத்திருந்தார்கள்.

இங்கே 202இல் 182 போனால் எவ்வளவு என்பதற்கு மெஷின் வேண்டியிருக்கிறது. சரி, தம்பியை மட்டும் சொல்வானேன்? வீட்டுக்கு வந்ததும் நானும் ஒருமுறை போனில் போட்டுப் பார்த்தேன். 20தான்.