கிளப் ஹவுஸ் இருக்கட்டும், ஓ.எஸ்.ஆர் நிலம் எங்கே?

சென்னையில் ஃபிளாட் பார்க்கப் போகிறவர்கள் கார் பார்க்கிங் கேட்பார்கள், ஜிம் கேட்பார்கள், நீச்சல் குளம் எத்தனை அடி என்றுகூடக் கேட்பார்கள். ஓ.எஸ்.ஆர் நிலம், அதாவது பூங்கா மாதிரி பொதுப் பயன்பாட்டுக்கென்று ஒதுக்க வேண்டிய திறந்தவெளி, எங்கே என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஒரு பெரிய குடியிருப்பு வந்ததால் அந்த ஏரியாவுக்கு என்ன கிடைத்தது என்பதை நான் அதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

தெரியாதவர்களுக்காக: மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கரைத் தாண்டினால், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் நிலமாகவும் தரலாம், வழிகாட்டி மதிப்பில் பணமாகவும் கட்டலாம். ஐந்து ஏக்கர் திட்டத்தில் கிட்டத்தட்ட அரை ஏக்கர் வரும். எட்டு ஒன்பது கிரவுண்ட்! நெரிசலான பகுதியில் அவ்வளவு காலி இடம் இனி எங்கே கிடைக்கும்?

ஆனால் சில இடங்களில் அந்த நிலம் காம்பவுண்டு சுவருக்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. வாசலில் செக்யூரிட்டி, ரிஜிஸ்டரில் கையெழுத்து. பக்கத்துத் தெருக்காரருக்கு அப்படி ஒரு பூங்கா இருப்பதே தெரியாது. குடியிருப்போரும் அதைத் தங்கள் சொத்து என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பத்திரம் அப்படிச் சொல்லவில்லை.

வெளியாட்கள் வந்தால் பாதுகாப்பு என்னாவது என்பார்கள். நியாயமான பயம்தான். அதற்குக் குடியிருப்புக்கும் பூங்காவுக்கும் நடுவே வேலி போட்டு, பூங்காவுக்குச் சாலைப் பக்கம் தனி கேட் வைத்தால் போதுமே. காலையும் மாலையும் ஆள் நடமாடும் இடம், பூட்டிப் புதர் மண்டிய இடத்தைவிடப் பாதுகாப்பானது.

லாபம் வெளியே இருப்பவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். பத்தாவது மாடியில் மகன் வீட்டுக்கு வந்து டிவியே கதி என்று இருக்கும் அப்பாவுக்கு, பேச்சுத் துணைக்கு நாலு பேர் கிடைப்பது அங்கேதான். எதிர்த்தெருப் பையன்கள் வராமல் கிரிக்கெட்டுக்கு டீம் சேருமா? வீட்டு வேலை செய்யும் அக்காவும் மதியம் கொஞ்ச நேரம் நிழலில் உட்காரலாம். பேஸ்மென்ட் பார்க்கிங் போக மண்ணாக மிஞ்சும் இடம் அதுதான் என்றால், மழைநீர் இறங்கவும் அதுவே வழி.

அப்புறம், டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன் சி.எம்.டி.ஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் வரைபடத்தைக் கேட்டு வாங்குங்கள். ஓ.எஸ்.ஆர் பகுதி அதில் குறித்திருக்கும். தானப் பத்திரம் பதிவாகிவிட்டதா என்று வில்லங்கச் சான்றிலும் பாருங்கள். அந்த இடத்துக்குத் தெருவிலிருந்து வழி இல்லையென்றால் பில்டரிடம் அங்கேயே காரணம் கேளுங்கள். சாவி வாங்கிய பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்லமாட்டார்கள்.