அரசுடைமையை நாங்கள் பார்த்தாயிற்று

முதலாளித்துவத்தைத் திருத்தவே முடியாது, அனைத்தையும் அரசுடைமையாக்குவதே வழி என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் முடிக்கிறார். பர்மாவின் (இன்றைய மியான்மர்) யாங்கோன் நகரத் தமிழனான எனக்கு எரிச்சல்தான் வந்தது.

முதலாளித்துவத்தின் நோயைப் பற்றி அவர் சொல்வது சரி. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல், தமிழகத்திலிருந்து வந்து வட்டித் தொழில் செய்த செட்டியார்களிடம் இருந்த நிலம் சுமார் 6 விழுக்காடு. 1938-இல் அது சுமார் 25 விழுக்காடு. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது, கடன் அடையவில்லை, அடமான வயல்கள் கைமாறின. வட்டிக்குக் கொடுத்தவர்கள் விரும்பியது பணத்தைத்தான், வயலை அல்ல. ஆனாலும் நிலமிழந்த பர்மிய விவசாயியின் கோபம் நியாயமானது. நம்மவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ளத் தயங்குவார்கள்.

அரசுடைமை என்ற மருந்து என்ன செய்தது? ராணுவத் தளபதி நெ வின் ஆட்சியில் 1963-இல் வங்கிகள் அரசிடம் போயின, 1964-இல் கடைகள் போயின, அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் (பர்மியப் பணம்) நோட்டுகள் செல்லாமல் போயின. நம்மவர்களில் பெருவணிகரும் சில்லறைக் கடைக்காரரும் ஒரே கப்பலில் சென்னைக்குப் போனார்கள். அதை வேண்டுமானால் சமத்துவம் எனலாம்! விவசாயி? அரசு சொன்ன குறைந்த விலைக்கே நெல்லை விற்றான். கறுப்புச் சந்தை கொழுத்தது. 1987-இல் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் பர்மா சேர்ந்தது.

வட்டிக்கடைக்கும் அரசுடைமைக்கும் மாற்றாகச் சொல்லக்கூடிய கூட்டுறவுக் கடன் சங்கங்கள் பர்மாவில் ஆங்கிலேயர் காலத்திலேயே இருந்தன, மந்தத்துக்கு முன்பே பல நொடிந்தும் போயின. ஏன் நொடிந்தன, விலை சரியும் ஆண்டில் தவணையைத் தள்ளிவைக்க எந்தக் கடன் அமைப்பால் முடியும் என்பதைக் கட்டுரையாளர் எழுதட்டும், படிக்கிறேன்.