பெயரிடும் வேகம் ஐந்தாம் வகுப்போடு நிற்பதில்லை
எழுத்துகளை அடையாளம் காணும் திறன் ஐந்தாம் வகுப்போடு முழுமையடைந்துவிடுகிறது என்றும், அதன் பிறகும் தயங்கிப் படிப்போருக்குக் கண்ணாடி அணிவிக்க வேண்டும் என்றும் மாணவர்களின் வாசிப்பைப் பற்றிய ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் கூறுவதை ஏற்க இயலவில்லை. எழுத்தை அறிவது வேறு; பார்த்ததும் அதன் பெயரைச் சொல்லும் வேகம், அதாவது பெயரிடும் வேகம், வேறு. 1970களில் டென்க்லா, ரூடல் என்ற ஆய்வாளர்கள் உருவாக்கிய விரைவுப் பெயரிடல் சோதனையில், எழுத்து, எண், நிறம், படம் ஆகியவற்றுள் ஏதேனும் ஒரு வகையைச் சேர்ந்த ஐந்தே உருப்படிகள் மாறிமாறி வரும் 50 இடங்களையும் குழந்தை தடையின்றிச் சொல்ல வேண்டும். பள்ளியில் சேர்ந்த சில ஆண்டுகளில் எழுத்தும் எண்ணும், நிறங்களையும் படங்களையும் முந்திக்கொண்டு வாயில் வந்துவிடுகின்றன என்றாலும், அந்த வேகம் பதின்பருவத்திலும் கூடிக்கொண்டே போகிறது. தமிழில் 247 எழுத்துகள் (ஆய்தத்தையும் சேர்த்துத்தான்) இருப்பதோடு, 'கொ' போன்றவற்றில் மெய்க்கு இருபுறமும் நிற்கும் குறிகளைக் கண் ஒரே ஒலியாகத் தொகுக்க வேண்டியிருப்பதால், இங்கே அந்தக் காலம் இன்னும் நீளும் என்றே கருதுகிறேன். தண்டையார்பேட்டையில் மாலை வகுப்பு நடத்தும் எனக்கு, எழுத்தனைத்தும் தெரிந்திருந்தும் தயங்கித் தயங்கிப் படிக்கும் ஏழாம் வகுப்பு மாணவர்கள் புதியவர்கள் அல்லர். பார்வையில் குறையேதும் இல்லாத அவர்களுக்குக் கண்ணாடி அணிவிக்கச் சொல்லும் கட்டுரையின் பரிந்துரை பயன்படாது.