'கரண்ட் வைக்கிறார்கள்' என்று பதறுகிறவர்களுக்கு

நேற்றிலிருந்து எல்லோர் சுவரிலும் ஓடும் அந்தக் காணொளியைப் பற்றித்தான். 'நடுக்குவாதம் வந்த பெரியவருக்குப் போய் கரண்ட் வைக்கிறார்களே' என்று கொதிக்கிறார்கள். அவருக்கு எதற்காக ஈ.சி.டி. (மூளைக்கு மின்சாரம் பாய்ச்சி வலிப்பை வரவழைக்கும் சிகிச்சை) சொன்னார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

சினிமாவில் வருவதுபோல் கட்டிப்போட்டுக் கொடுப்பதில்லை. மயக்க மருந்தும் தசைத் தளர்ச்சி மருந்தும் இல்லாமல் கொடுப்பதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. தூங்கியபின் ஒரு கணுக்காலில் மட்டும் பிரஷர் பட்டையை இறுக்கிவிட்டு, சக்சினைல்கோலின் என்ற தசைத் தளர்ச்சி ஊசி போடுவார்கள். அந்தப் பாதத்துக்கு மருந்து இறங்காது. பல்லுக்கிடையே ரப்பர் கட்டை, மூக்கில் ஆக்சிஜன். மின்சாரம் பாய்வது சில விநாடிகள்தான். உடம்பு அசையாமல் கிடக்க, அந்த ஒற்றைப் பாதம் மட்டும் அரை நிமிடம்போல் துடித்து நிற்கும். வலிப்பு சரியாக வந்ததா என்பதை அதிலும், மூளையின் மின் அலைகளைக் காட்டும் ஈ.ஈ.ஜி. கோட்டிலும் பார்த்துக்கொள்வார்கள்.

பார்க்கின்சனுக்கும், அதாவது நடுக்குவாதத்துக்கும், இதற்கும் என்ன சம்பந்தம்? இந்த நோயில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் குறைகிறது. கை நடுக்கம், விறைப்பு மட்டுமல்ல, கடும் மனச்சோர்வும் கூடவே வரும். 1987இல் ஸ்வீடன் மருத்துவர்கள், மனச்சோர்வே இல்லாத, 'ஆன்-ஆஃப்' தொல்லை (நன்றாக நடமாடும் நேரமும் முடங்கும் நேரமும் மாறி மாறி வருவது) முற்றிய பார்க்கின்சன் நோயாளிகளுக்குப் போலி சிகிச்சையையும் உண்மையானதையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். உண்மையானதில் நன்றாக நடமாடும் நேரம் கூடியது. மனம் தெளிவதற்கு முன்பே விறைப்பு இளகுவதும் உண்டு.

அப்படியென்றால் நோய் குணமாகிவிடுமா? ஆகாது. நடமாட்டத்தில் கிடைக்கும் பலன் சிலருக்கு நாட்கள், சிலருக்கு வாரங்கள், அதிர்ஷ்டம் இருந்தால் மாதங்கள். எல்லா பார்க்கின்சன் நோயாளிக்கும் இது வேண்டாம். மாத்திரைக்கு அசையாத மனச்சோர்வு, சோறு தண்ணீர் இறங்காத நிலை, இவற்றுக்குத்தான்.

மறதி வராதா? வரும். சிகிச்சை நடக்கும் நாட்களின் நினைவு சிலருக்குத் திரும்பாமலே போகலாம். பார்க்கின்சன்காரர்களுக்குக் குழப்பம் கூடுதலாக வரும் என்பதால்தான் இடைவெளி விட்டு, பெரும்பாலும் வாரம் இரண்டு முறை, முடிந்தால் தலையின் வலப்பக்கம் மட்டும் கொடுக்கிறார்கள். உடம்பு நெளிந்து ஆட ஆரம்பித்தால் லெவோடோபா (மூளையில் டோபமைனாக மாறும் பார்க்கின்சன் மாத்திரை) அளவைக் குறைக்க வேண்டும். வெறும் வயிறு என்பதற்காகக் காலை லெவோடோபாவை நிறுத்திவிடுவது பெரிய தவறு. மயக்க மருத்துவரிடம் சொல்லி, ஒரு மடக்குத் தண்ணீரோடு கொடுக்க வேண்டும். நிறுத்தினால் மேசையிலேயே மரக்கட்டையாகிவிடுவார். மூளையின் ஆழத்தில் மின்தூண்டல் கொடுக்கும் டி.பி.எஸ். கருவி வைத்தவருக்கு, முன்கூட்டியே நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு அதை அணைத்த பிறகுதான்.

இத்தனை கவனத்தோடு செய்கிறவர்களைப் பார்த்துத்தான் 'கொலைகாரர்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். வலிக்கிறது. 'மாத்திரை போதாதா' என்பவர்களே, மனச்சோர்வு மாத்திரை வேலை செய்யவே வாரக்கணக்கில் ஆகும். உண்ணாதவருக்கு அந்த வாரங்கள் எங்கே இருக்கின்றன? இல்லாதது தெரியும் பிரமைக்கு ஹாலோபெரிடால் என்ற மனநோய் மருந்து கொடுத்தாலோ, அது மிச்சமிருக்கும் டோபமைனையும் வேலை செய்யவிடாது, விறைப்பு இன்னும் ஏறும்.

வயசானவர் சோர்ந்து கிடந்தால் 'வயசுக் கோளாறு' என்று நாம்தான் விட்டுவிடுகிறோம். சிகிச்சை என்று ஒருவர் வந்தால் மட்டும் பாசம் பொங்குகிறது.

இன்று காலை ஒரு மகள் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வந்தார். உங்கள் காணொளியை எடுத்துக் காட்டினார். பேனாவை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். வார்டில் அவர் அப்பா, காலையில் ஊட்டிய கஞ்சியை இன்னும் விழுங்காமல் கன்னத்தில் அடக்கி வைத்திருக்கிறார்.