இ.சி.ஜி. நார்மல் என்றால் துடிப்புக் கோளாறே இல்லையா?

'காட்பாடி முகாமில் எடுத்த இ.சி.ஜி. நார்மல், அதனால் அப்பாவுக்குத் துடிப்புக் கோளாறு இல்லை, மாத்திரையை நிறுத்தலாம்' என்று மேலே ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லைங்க. சாதாரண இ.சி.ஜி. பதிவது சுமார் 10 விநாடிதான். விட்டுவிட்டு வரும் கோளாறு அந்த நேரத்தில் வராவிட்டால் தாளில் தெரியாது.

வீட்டு ஃபைலில் பழைய இ.சி.ஜி. இருந்தால் எடுத்துப் பாருங்கள். ஓரத்தில் பெரும்பாலும் விநாடிக்கு 25 மி.மீ. என்று அச்சாகியிருக்கும், ஐந்து பெரிய கட்டம் ஒரு விநாடி. அடியில் நீளமாக ஓடும் கோட்டை ஸ்கேல் வைத்து அளந்தால் 25 செ.மீ. அளவுக்கு வரும், அதாவது 10 விநாடிதான்.

இதனால்தான் 24 மணி நேரம் ஹோல்டர் (துடிப்பைத் தொடர்ந்து பதியும் சின்னக் கருவி) மாட்டி அனுப்புகிறார்கள். இதய மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையில் கை வைக்க வேண்டாம்.