தெற்கிலிருந்து வந்தால் என்ன, வடக்கிலிருந்து வந்தால் என்ன

நேற்றைய அந்தப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்சிலோனா கால்பந்து கிளப்பின் பாட்டைக் கேட்டுக் கண் கலங்கியதாக நான் எழுதியதை எடுத்துப் போட்டு, "புரியாத மொழியில ஒரு கிளப் பாட்டு, அதுக்கு அழுகை வேற" என்று கேலி. போதாததற்கு அதை இனவெறி என்றும் ஒரு பழி. கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள்.

அது வெறும் கிளப் பாட்டு இல்லை. 1974 நவம்பரில், கிளப்பின் 75ஆம் ஆண்டு விழாவுக்காக அதன் மைதானமான காம்ப் நோவில் பாடியது. ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோ அப்போது உயிரோடு இருந்தார். பார்சிலோனா மண்ணின் மொழியான கத்தலானைப் பள்ளியிலிருந்தும் அரசு அலுவலகத்திலிருந்தும் விரட்டிய ஆட்சி அது. கிளப்பின் பெயரையே ஸ்பானிய மொழிக்கு மாற்ற வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்டில் தாய்மொழியில், வாய்விட்டு, மைதானத்தில் பாடினார்கள்.

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதே" என்பீர்கள். முதலில் கலந்தது யார்? 1925இல் ஸ்பெயின் தேசிய கீதத்துக்கு ரசிகர்கள் விசிலடித்தார்கள் என்று கிளப்பின் அன்றைய மைதானமான லெஸ் கோர்ட்ஸையே மூடியது அப்போதைய சர்வாதிகாரி பிரிமோ தே ரிவேராவின் ஆட்சி. கிளப்பைத் தொடங்கிய காம்பர் நாட்டை விட்டே போக வேண்டியதாயிற்று. இதையெல்லாம் தாங்கியவர்கள் பாடக்கூட வேண்டாமா?

நான் ஆறாவது படித்த பள்ளியில் தமிழில் பேசினால் 5 ரூபாய் அபராதம். "டேய், தண்ணி குடுடா" என்று கேட்டதற்குக் கட்டியிருக்கிறேன். வீட்டில் சொல்லப் பயந்து, பஸ் காசைக் கொடுத்துவிட்டு நடந்தே வந்தேன். அந்தப் பாட்டின் மொழி எனக்குப் புரியாதுதான். ஆனால் அது ஏன் அவ்வளவு சத்தமாக வருகிறது என்பது புரிகிறது.

இன்று அது பணக்கார கிளப், சட்டையெல்லாம் விளம்பரம் என்கிறீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன்.

இனவெறி என்று சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை. தெற்கோ வடக்கோ, எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான், ஒரே கொடி நம்மைச் சகோதரர் ஆக்குகிறது என்றுதானே பாட்டே சொல்கிறது! ஸ்பெயினின் தெற்கே உள்ள ஆந்தலூசியாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள் நிறைந்த நகரம் அது. காம்பரே சுவிட்சர்லாந்துக்காரர். வந்தவரையும் சேர்த்துக்கொண்டு பாடும் பெருமிதத்தில் எங்கே இருக்கிறது வெறி?

அந்தக் கேலிப் பதிவை வேறு யாராவது எழுதியிருந்தால் கடந்து போயிருப்பேன். எழுதியது நீ. 2015 பெர்லின் இறுதிப் போட்டியை, நள்ளிரவில், என் போனில், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு பார்த்தோமே. மூன்றாவது கோல் விழுந்ததும் வார்த்தை தெரியாமலே அந்தப் பாட்டை விடுதி மொட்டை மாடியில் முதலில் கத்தத் தொடங்கியவனும் நீதான்.